கடற்கரையை அளக்கும் பிள்ளைகள்: இளையோர் குழுவைத் தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை வந்தால் சென்னைக் கடற்கரைகளில் பெரிய கூட்டம் சேரும். சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள். கையுறை, தொப்பி, பேனர், கடைசியில் ஒரு குழுப் படம். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இந்த நாளின் தொடக்கம் 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில். அன்றைக்கு வந்தவர்கள் குப்பையைப் பொறுக்கியதோடு நிற்கவில்லை. எந்தப் பொருள் எத்தனை என்று அட்டையில் எழுதியும் வைத்தார்கள். நம் பக்கம் வந்தபோது சாக்குப் பை மட்டும் வந்தது, பென்சில் வரவில்லை.

அந்தப் பென்சிலைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெசன்ட் நகரிலிருந்து கோவளம் வரையுள்ள கரையை மனதில் வைத்து எழுதுவது இது. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் காற்று, பருவம், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஆகியவற்றை அங்குள்ளபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணுவது எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள், பிள்ளைகளும் கேட்பார்கள். எண்ணூரில் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் பரவியது. அப்படி ஒன்று நடந்ததும் முதலில் எழும் கேள்வி, "இதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது?" என்பது. எத்தனை நண்டு வளைகள் இருந்தன, கரை எவ்வளவு அகலமாக இருந்தது, எந்தப் பறவை வந்தது என்று எழுதிவைத்தவர்கள் இல்லையென்றால், எதை இழந்தோம் என்று சொல்ல ஆளிருக்காது. பக்கத்திலேயே வாழும் பிள்ளைகளால் மாதா மாதம் எழுதிவைக்க முடியும். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை வருபவரால் அது முடியாது.

முதலில் ஊரிடம் போங்கள்

குழு சேர்ப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். கடற்கரை மீனவர்களின் வேலை செய்யும் இடம். அங்கேதான் வலை காய்கிறது, படகு பழுது பார்க்கப்படுகிறது, மீன் ஏலம் போகிறது. திடீரென்று 30 பிள்ளைகள் நோட்டும் கயிறுமாக வந்து அளந்தால், "எதற்கு அளக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்?" என்று ஊர் சந்தேகப்படும். அந்தச் சந்தேகம் நியாயமானது. அளந்துகொண்டு போனவர்களுக்குப் பின்னால் சாலையும் கட்டடமும் வருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் ஊர்ப் பஞ்சாயத்து நிர்வாகிகளைப் போய்ப் பாருங்கள். என்ன அளப்போம், எப்போது வருவோம், கணக்கை யார் யார் பார்ப்பார்கள், படங்கள் எங்கே போகும் என்று நான்கையும் சொல்லுங்கள். அப்புறம், "உங்களுக்கு எது தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். நாங்கள் ஒரு குப்பத்துக்கு ஆமை பற்றிய திட்டத்தோடு போனோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, கரை வருசத்துக்கு எவ்ளோ போகுதுன்னு அளந்து குடுங்க" என்றார். எங்கள் வேலையின் திசையே அன்றைக்கு மாறியது. ஊருக்குத் தேவைப்படும் கணக்கு என்றால் பிள்ளைகள் ஒரு மாதம் விட்டாலும் ஊர்க்காரர்களே கேட்பார்கள்.

குழுவில் பாதிப் பேராவது குப்பத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைப்பதில்லை. இந்தக் குழுவிலாவது கிடைக்க வேண்டும். குறிப்பேட்டில் ஊர்ப்பெயருக்கென்றே ஒரு கட்டம் போடுங்கள். அலுங்காமல் ஒரு பாடமே அதில் கிடைக்கும். ஆலிவ் ரிட்லி என்று புத்தகம் சொல்லும் ஆமைக்கு நம் கரையில் பங்குனி ஆமை என்று பெயர். ஜனவரியில் தொடங்கிப் பங்குனி வரை நீளும் முட்டையிடும் பருவம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பச்சை ஆமை பேராமை, அலகு கூர்ந்த ஆமை அழுங்காமை. நீரோட்டத்தைத் தென்கரைகளில் நீவாடு என்பார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்கு அந்த ஒரு வீட்டுப்பாடம் போதும்.

கரைவலை இழுக்கும் ஊராக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மீனைப் பிரித்தெடுத்தபின் மணலில் மிஞ்சும் சிறு நண்டு, சொறி (ஜெல்லி மீன்), சங்கு, பெயர் தெரியாத குஞ்சு மீன்கள், இவற்றைவிடச் சிறந்த வகுப்பறை கிடையாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. முதலில் கயிற்றைப் பிடித்து இழுங்கள், அப்புறம் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

யார், எத்தனை பேர், எந்த வகுப்பு

12 முதல் 16 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் நின்று பார்ப்பார்கள். நின்று பார்க்கும் பிள்ளை மூன்றாவது மாதம் வராது. எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சரியாக அமைவார்கள். பத்தும் பன்னிரண்டும் தேர்வு ஆண்டுகள். அவர்களை வற்புறுத்தாதீர்கள், நினைத்தபோது வந்துபோகட்டும். பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்ற சுற்றுச்சூழல் மன்றம் இயங்கினால் பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஆள் சேர்ப்பதும் அனுமதி வாங்குவதும் பாதியாகக் குறையும்.

கேள்வி ஒன்றே ஒன்று

நல்லெண்ணத்தோடு தொடங்கிய பல குழுக்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. நீரின் உப்பு, வெப்பம், குப்பை, பறவை, ஆமை, நண்டு என்று எல்லாவற்றையும் முதல் மாதமே எழுதத் தொடங்குவார்கள். நான்காவது மாதம் எதுவும் இருக்காது. முதல் ஆண்டுக்கு ஒரே கேள்வியை எடுங்கள். இடம், நாள், முறை மூன்றும் மாறக் கூடாது. நான் பரிந்துரைப்பது கரையின் வடிவத்தை அளப்பது. செலவு கிட்டத்தட்ட இல்லை, எந்த உயிரையும் தொடவேண்டியதில்லை, முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் கிடைக்கும்.

கரையை அளப்பது எப்படி

இதற்கு எமரி முறை என்று பெயர். கே. ஓ. எமரி என்ற அமெரிக்கக் கடல் நிலவியலாளர் 1961இல் வெளியிட்டது. இன்றுவரை இதைவிட எளிய முறையை நான் பார்க்கவில்லை.

ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு மரக்கோல்கள் வேண்டும். கோலின் உச்சிதான் சுழியம். அங்கிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு, பத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. பிள்ளைகளே வரையட்டும். கூடவே 2 மீட்டர் நீளமுள்ள, நீட்சி இல்லாத கயிறு. ஈரமணலில் கோல் புதையும் என்பதால் இரண்டுக்கும் அடியில் வைக்க ஒரே கனமுள்ள டப்பா மூடிகள்.

தொடக்கப் புள்ளியில் முதல் கோலை நேராக நிறுத்துங்கள். கயிற்றை மட்டமாகப் பிடித்து, கடல் பக்கம் 2 மீட்டர் தள்ளி இரண்டாவது கோல். கரைப் பக்கம் இருக்கும் முதல் கோலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டு, கடல் பக்கக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்வரை கண்ணைத் தாழ்த்த வேண்டும். அந்தப் பார்வைக் கோடு தன் முன்னால் இருக்கும் கோலை எந்த எண்ணில் வெட்டுகிறதோ, மணல் அத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. 9 என்றால் 9 செ.மீ. இறக்கம். சில இடங்களில் மணல் கடல் பக்கம் மேடாக ஏறும். அப்போது கரைப் பக்கக் கோலின் உச்சியைத் தொடுவானத்தோடு பொருத்தி, கடல் பக்கக் கோலில் எண்ணைப் படியுங்கள். அது ஏற்றம், கூட்டல் குறி போட்டு எழுதுங்கள். பிறகு பின்கோலை எடுத்து முன்னால் வைத்து, இப்படியே நீர் விளிம்புவரை போக வேண்டும்.

ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் படிக்கட்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. "டீச்சர் என்ன எண் எதிர்பார்க்கிறார்" என்ற பழக்கம் போக இதைவிட நல்ல மருந்து கிடையாது. பனிமூட்டத்தில் தொடுவானம் தெரியாவிட்டால் அன்றைக்கு அளக்க வேண்டாம். "தெரியவில்லை, அளக்கவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் பதிவுதான்.

தொடக்கப் புள்ளி விஷயத்தில் நாங்கள் தவறு செய்து நான்கு மாதக் கணக்கை இழந்தோம். பழைய படகு ஒன்று பல ஆண்டாக அசையாமல் கிடந்தது, அதிலிருந்து அளந்தோம். ஒரு நாள் படகு இல்லை. கோயில் மதில் மூலை, விளக்குக் கம்பத்தின் அடி, சிமென்ட் படிக்கட்டு, இப்படி நகராத ஒன்றைப் பிடியுங்கள். அதற்கு மாற்றாக இன்னொரு புள்ளியும் குறித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நாள் தேர்வு: அமாவாசையை அடுத்து வரும் ஞாயிறு, ஓதம் வற்றியிருக்கும் நேரம். சென்னையில் நீர் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனாலும் சரிவு குறைந்த கரையில் அது நீர் விளிம்பைப் பல மீட்டர் நகர்த்திவிடும். ஓத அட்டவணையில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முடிந்ததும் எல்லா மாதக் கோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை மெலிவதும், பிறகு மெல்ல மீள்வதும் தெரியும். "அந்த மணல் எங்கே போகுது சார்?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். பதிலை வாயால் சொல்லாதீர்கள், பேருந்தில் அழைத்துப் போங்கள். நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கே நகர்த்துகின்றன, பருவமழை மாதங்களில் தெற்கே திருப்புகின்றன. கூட்டிக் கழித்தால் வடக்குப் பக்கமே அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியபின் அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. மெரினா அத்தனை அகலமானது அப்படித்தான். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்து கருங்கல் கொட்டி நிற்கின்றன. காலையில் மெரினாவின் மணலில் நடந்து, மதியம் காசிமேட்டைத் தாண்டி அந்தக் கற்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு மணல் ஓட்டத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு மாதம் கரை குறைந்தால் உடனே "கடல் அரிப்பு" என்று பத்திரிகைக்குச் சொல்லிவிடக் கூடாது. குறைந்தது இரண்டு பருவமழையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு: குப்பையை எண்ணுவது

நீர் விளிம்பிலிருந்து அடும்பங்கொடி படர்ந்திருக்கும் இடம்வரை அகலம், கரையோரமாக 100 மீட்டர் நீளம். (சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் பூத்துக் கிடக்கும் அதே அடும்புதான். அதையும் ராவணன் மீசைப் புல்லையும் குப்பையோடு சேர்த்துப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணலைக் கட்டி வைத்திருப்பவை அவை.) எண்ணி எழுதிய பிறகே எடுக்க வேண்டும். ஷாம்பு பாக்கெட், பால் கவர், பாட்டில் மூடி, தெர்மாகோல், செருப்பு, வலைத்துண்டு, மருந்து அட்டை என்று பத்து வகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன் ஒருமுறை, பெரிய மழைக்குப் பின் ஒருமுறை எண்ணினால் எது வந்தவர்கள் போட்டது, எது அடையாற்று முகத்துவாரம் கொண்டுவந்து தள்ளியது என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள். வலைத்துண்டுகள் அதிகமாக வந்தால் குப்பத்துப் பிள்ளைகள் தலைகுனியும்படி யாரும் பேசக் கூடாது. பழைய வலையைப் போட அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறதா என்று கேட்பதுதான் அடுத்த வேலை.

ஜவ்வரிசி போன்ற வெள்ளை மணிகளையும் தேடுங்கள். பிளாஸ்டிக் ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் மணிகள் அவை. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரை முழுக்க இவை ஒதுங்கின. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபின் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தன. எண்ணும் முறை எளிது. ஓதம் கடைசியாக விட்டுப்போன கோட்டில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை வைத்து, மேல் மணலை 2 செ.மீ. ஆழத்துக்கு வழித்து, கடல்நீர் உள்ள வாளியில் போட்டுக் கலக்குங்கள். மணல் அடங்கும், மணிகள் மிதக்கும். ஐந்து இடங்களில் செய்யுங்கள். ஒன்றும் இல்லை என்றால் 0 என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் அன்றைக்குப் பார்க்கவே இல்லை என்று பொருளாகிவிடும்.

உயிர்களைப் பதிவு செய்வது

ஐநேச்சுரலிஸ்ட் செயலி இதற்கு உதவும். ஓர் உயிரை மூன்று கோணத்தில், பக்கத்தில் அளவுகோலோ பேனாவோ வைத்துப் படமெடுத்து ஏற்றினால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் பெயர் சொல்லித் திருத்துவார். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். பெரியவர் பொறுப்பில் குழுவுக்கென்று ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

பறவைகளில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல நுழைவாயில். 2015 முதல் நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை எண்ணிப் பதிந்தாலே போதும்.

இரவில் ஆமைக் கூடு தேடிக் கரையில் நடக்கும் ஆமை நடையைப் பற்றிக் கேட்காத பிள்ளை கிடையாது. சென்னையில் மாணவர்கள் 1988இலேயே கடலாமைப் பாதுகாப்புக்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் முட்டையிடும் பருவத்தில் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைக் கண்டுபிடித்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அவர்களோடு போய் நடங்கள். தனியாக நீங்களே டார்ச்சும் கூட்டமுமாகக் கிளம்பாதீர்கள். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பும், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கு பக்கம் போகும். முட்டையைத் தொட வனத்துறை அனுமதி வேண்டும். அப்புறம், இறந்து ஒதுங்கும் ஆமைகளையும் பிள்ளைகளுக்கு மறைக்காதீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மூச்செடுக்க மேலே வரவேண்டிய விலங்கு இழுவை வலைக்குள் சிக்கினால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்பார்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். தேதி, இடம், ஓட்டின் நீளம் மூன்றையும் தொடாமல் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்வது அவர்களால் முடிந்த உதவி.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கணுக்காலுக்கு மேல் நீரில் யாரும் இறங்கக் கூடாது. நம் கரையில் இழுப்பு கடுமை, நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோகும். கிளம்புமுன் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை எச்சரிக்கையைப் பாருங்கள். கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு நோட்டை வீட்டில் வைத்துவிடுங்கள்.

அழகாக இருப்பதை முதலில் தொடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகர் கரையில் சின்னஞ்சிறு நீல நிற உயிர்கள் ஒதுங்கின. நீல டிராகன் எனப்படும் கடல் நத்தை வகை அது. கொட்டும் சொறிகளைத் தின்று அவற்றின் கொடுக்குகளையே தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வது. தொட்டால் கை எரியும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமை, கடல் குதிரை, கடல் அட்டை, சில சங்குகள் என்று பலவற்றைக் காக்கிறது. எனவே எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமே வேண்டாம். வெற்றுச் சங்கும்கூட ஒரு நண்டுக்கு வீடாகும்.

பெற்றோரின் எழுத்து அனுமதி, இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது பெண், தண்ணீர், முதலுதவிப் பெட்டி. பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுபோகப் பல ஊர்களில் காரணம் கழிப்பறை. கரைக்குப் பக்கத்தில் எந்த வீட்டில், எந்தப் பள்ளியில் அனுமதிப்பார்கள் என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். ஓதம் வற்றும் நேரத்தையொட்டி இரண்டரை மணி நேரம் போதும். பசியோடு அனுப்பாதீர்கள், சுண்டல் இருந்தால் அடுத்த மாதமும் வருவார்கள்.

கணக்கை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

பிள்ளைகள் தொடர்ந்து வருவதும் வராமல் போவதும் இந்தப் படியைப் பொறுத்தது. தாங்கள் எழுதிய எண் கணினிக்குள் போய் மறைந்துவிட்டால் அவர்களும் மறைந்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் அளந்த அன்றே, ஊர்ப் பொதுக்கட்டடத்தின் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் அந்த மாதக் கோட்டை அவர்களே வரைய வேண்டும். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். "அந்த மாசம் இன்னும் அதிகமா போச்சே, நீங்க எங்கருந்து அளந்தீங்க?" என்று மடக்குவார்கள். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நோட்டைத் திறந்து காட்டிப் பதில் சொல்லும். சில நேரம் பெரியவர் சொன்னதே சரியாக இருக்கும், பிள்ளை திரும்பப் போய் அளக்கும். நான் இந்த வேலையில் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

ஆண்டு முடிவில் இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரியுங்கள். தமிழில். ஒரு வரைபடம், ஒரு அட்டவணை, எப்படி அளந்தோம் என்று ஐந்து வரி, எந்தெந்த மாதம் அளக்கவில்லை என்று ஒரு வரி. ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் பிள்ளைகளே படிக்கட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூட்டம் நடக்கும் நாட்கள்தான். அதே தாளை மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் ஒரு கல்லூரியின் விலங்கியல் அல்லது புவியியல் துறைக்கும் அனுப்புங்கள். பதில் வராமலும் போகலாம். அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த அணிக்கு

மே மாதம் தேர்வுகள் முடிந்ததும் பழைய பிள்ளைகளும் புதிதாகச் சேர்ந்தவர்களும் மூன்று முறை சேர்ந்து அளக்கட்டும். முதல் முறை பழையவர்கள் படிக்க, புதியவர்கள் எழுதட்டும். இரண்டாவது முறை மாறிக்கொள்ளட்டும். மூன்றாவது முறை பழையவர்கள் கோலைத் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு அணியின் எண்களும் பொருந்தினால் நோட்டைக் கைமாற்றலாம். கோல்களில் கோடு மங்கியிருந்தால் பள்ளி திறப்பதற்குள் புதிதாக வரைந்துவிடுங்கள். தொடக்கப் புள்ளியின் படத்தை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஊர்ப் பெரியவர் ஒருவரைப் புதிய பிள்ளைகளுக்கு நேரில் அறிமுகப்படுத்தி வையுங்கள்.